சத்தம் ஏறுதா, இறங்குதா கண்ணு?

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பாட்டு பிடித்ததால் அல்ல. காருக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இது நடந்தது 2024 ஏப்ரலில். சென்னையிலிருந்து எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்குச் சென்னையில் வளைகாப்பு. ஊரிலிருந்து அம்மா, அப்பா, அம்மாயி மூவரையும் என் செகண்ட் ஹேண்ட் காரில் கூட்டிப்போக வேண்டும். முடிந்ததும் ஏழு மாத வயிற்றோடு அக்காவை அதே காரில் ஊருக்கு அழைத்து வரவேண்டும்.

முனகல் இரண்டு மாதமாகவே இருந்தது. சென்னையில் ஒரு டயர் கடையில் காட்டினேன். "டயர் மேடு பள்ளமா தேய்ஞ்சிருக்கு மேடம்" என்றார்கள். முன்பக்கம் இரண்டு டயரும் மாற்றினேன். பணம் போனது, சத்தம் போகவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 'உங்கள் காரில் சத்தமா? இந்த 5 காரணங்களாக இருக்கலாம்' என்று எங்கள் தளத்திலேயே முந்தின வருடம் எழுதியவள் நான்தான். ஐந்து காரணமும் எனக்கு மனப்பாடம். என் காரில் இருப்பது எது என்று மட்டும் தெரியாது.

அட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தில் எடுத்த மூட்டைகளும் நாமக்கல் முட்டையும் அவர் ஏற்றிப் போன சரக்குகள். இப்போது காது கேட்பதில்லை. ஜன்னல் பக்கம் இருந்த வலது காது சுத்தமாக அடைத்துவிட்டது, இடது காதில் கத்திச் சொன்னால் பாதி விழும். போனில் கத்துவது களைப்பாக இருக்கிறது என்று நான் அம்மாவிடம் மட்டும் பேசி, "அப்பாகிட்ட சொல்லிருங்க" என்று வைத்துவிட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரும் கேட்கவில்லை.

அதனால் கார் சத்தத்தைப் பற்றி அம்மாவிடம்தான் சொன்னேன். காதே கேட்காதவரிடம் சத்தத்தைப் பற்றி என்ன பேசுவது? அம்மா நேராகப் போய் அவர் இடது காதில் கத்திவிட்டார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"சாவியக் குடு கண்ணு. நீ பக்கத்துல உக்காரு. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

திருச்செங்கோடு ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் வேகத்தை அறுபதுக்கு ஏற்றினார். முனகல் எழுந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் அடங்கிவிட்டது, முனகல் அடங்கவில்லை. "இருக்குதா?" என்றார். "இருக்குதுங்கப்பா" என்று கத்தினேன். இன்ஜின் பட்டியலிலிருந்து கழன்றது. தார் பழையதாக இருந்த இடத்திலும் புதிதாகப் போட்ட இடத்திலும் கேட்டார். இரண்டிலும் ஒரே சுருதி. டயர் சத்தமென்றால் ரோடு மாறும்போது குரல் மாறுமாம். லேசாக பிரேக்கை அழுத்தினார். சத்தத்தில் மாற்றமில்லை. பிரேக் பேட் உரசினாலோ, டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருந்தாலோ 'சர்க் சர்க்' என்று தேய்க்கும். பேட் உரசலென்றால் பிரேக்கை மிதித்ததும் அது பெரும்பாலும் கூடும் அல்லது நிற்கும்.

பிறகு முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கம் வளைத்தார்.

"சத்தம் ஏறுதா, இறங்குதா கண்ணு?"

ஏறியது. இடப்பக்கம் வளைத்தார். இறங்கியது, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். பாரம் ஏறும்போது கத்துகிற சக்கரம்தான் நோயாளி. "எடது பக்கத்து பேரிங்" என்றார். அதோடு, இந்தச் சோதனை சில நேரம் ஏமாற்றும், தூக்கிப் பார்க்காமல் கழற்றக் கூடாது என்றும் சொன்னார்.

வீட்டு வாசலில் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியில் முன் இடது சக்கரத்தைத் தூக்கினோம். "ஜாக்கிய நம்பி அடியில படுக்கக் கூடாது" என்பதை மூன்று தடவை சொன்னார். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. நான் நிம்மதியானேன். அவர் ஆகவில்லை. ஆட்டம் கண்டால் அந்த வண்டியைத் தெருமுனைவரைகூட ஓட்டக் கூடாது, ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது.

அடுத்து அவர் செய்தது என் ஐந்து காரணக் கட்டுரையில் இல்லாதது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தார்.

காதில் எதுவுமே விழவில்லை. கையில் மட்டும், அம்மியில் மணலை அரைப்பதுபோல் ஒரு நறநறப்பு. வலது சக்கரத்தைத் தூக்கி அதேபோல் வைத்துப் பார்த்தோம். வழுவழுவென்று சுற்றியது.

டீக்கு நிறுத்தும்போதெல்லாம் லாரியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு ஹப்புக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாராம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பேரிங் இறுகுகிறது அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது. பார்க்காமல் விட்டால் டயரே தீப்பிடிக்கும். (காரில் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.)

மறுநாள் திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள ஒரு பட்டறையில் பேரிங்கை மாற்றினோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். லாரி பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை அளவாக இறுக்கித் திரும்ப ஓட்டிய கை அது. என் காரில் இருப்பது சீல் வைத்தது, போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். அழுத்திக் கழற்றிய பழைய பேரிங்கை அவரிடம் கொடுத்தார்கள். சீலைப் பிய்த்துப் பார்த்தார். கிரீஸ் டிகாஷன் நிறத்தில் தண்ணீராக இருந்தது, உள்வளையத்தில் துரு.

"தண்ணியில விட்டியா?"

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் சக்கரம் முழுகும் தண்ணீரில் இந்தக் காரை ஓட்டிக் கரை சேர்த்தவள் நான். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, தப்பித்தோம் என்று வீட்டுக்கு வீடியோகூட அனுப்பியிருந்தேன். தண்ணீர் சீலுக்குள் புகுந்து, துருப்பிடித்து, குண்டு ஓடும் பாதை அரித்து, அது வாய் திறந்து முனக இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

எங்கள் சுற்றுவட்டாரம் விசைத்தறி ஊர். அதனால் இதைப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது: 1907-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு துணி ஆலையைப் பராமரித்துவந்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினீயர், தண்டு கோணினாலும் தானே ஒத்துப்போகிற பால் பேரிங்கைக் கண்டுபிடித்தார். ஆலையின் தண்டுகள் நேர்கோட்டில் நிற்காமல் பேரிங்குகள் அடிக்கடி போனதுதான் காரணம். எஸ்.கே.எஃப் கம்பெனி அப்படிப் பிறந்தது. அப்பாவின் நல்ல காதில் இதைக் கத்திச் சொன்னேன். "தறிக்காரன் காதும் நம்ம காது மாதிரிதான் போயிருக்கும்" என்றார்.

சென்னைக்குக் கிளம்பிய அன்று அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவும் அம்மாயியும் வளையல் பெட்டிகளும். அட்டையாம்பட்டி தாண்டி வேகமெடுத்தேன். பாட்டு போடவில்லை. முனகலே இல்லை. "நின்னுருச்சுங்கப்பா!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளங்கையைக் கதவில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"பின்னாடி எடது டயருல காத்து கம்மியா இருக்குது கண்ணு. பங்க் வந்தா நிறுத்து."

அடுத்த பங்க்கில் பார்த்தோம். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தது.