முடியாதா... மாட்டாங்களா?

ஒரு நிமிஷம் பாஸ், உங்க பாக்கெட்ல இருக்கிற போனுக்கு வயசு என்ன? மூணு தாண்டிருச்சுன்னா இது உங்களுக்கான கட்டுரை. இப்பதான் ஒண்ணு ஆகுதுன்னா இன்னும் கவனமாப் படிங்க. ஏன்னா, என் போனை 'பழசு'ன்னு சொன்னப்ப அதுக்கு ஒண்ணேகால் வயசுதான்!

முதல்ல என் கதை. நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். அப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்தேன். முதல் நாளே புரொபசர் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சார். நான் முதல் வரியை மனசுக்குள்ள தமிழாக்கி முடிக்கிறதுக்குள்ள அவர் போர்டை அழிச்சுட்டார். பேசுறதே எழுத்தா கையில இருந்தா, ராத்திரி உட்கார்ந்து நிதானமாப் படிச்சுடலாமேன்னு தினமும் ஏங்குவேன்.

அந்த ஏக்கத்துல எண்ணெய் ஊத்தினவ என் ரூம்மேட். அவளோடது என் போன் கம்பெனியேதான், அடுத்த வருஷ மாடல். ரெக்கார்டரை ஆன் பண்ணி டெஸ்க்ல வச்சுட்டுத் தூங்குவா. கிளாஸ் முடியும்போது மொத்த லெக்சரும் டைப் ஆகி, பத்தி பிரிச்சு, சுருக்கமும் போட்டு ரெடியா இருக்கும். (அவ அதைப் படிக்கவே மாட்டா. அது தனிக் கதை.)

"உனக்கும் அடுத்த அப்டேட்ல வந்துடும் புள்ள"ன்னா. நம்பினேன். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு, ஹாஸ்டல் வைபை கொஞ்சம் மூச்சு விடுற நேரமாப் பார்த்து டவுன்லோடு போட்டேன். அரியர் ரிசல்ட் பார்க்கிற மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது. போன் ஆன் ஆச்சு. புது வால்பேப்பர் இருந்துச்சு. சதுரமா இருந்த ஐகான் எல்லாம் உருண்டையா இருந்துச்சு. ரெக்கார்டரைத் திறந்தா... பழைய ரெக்கார்டரேதான். பல்பு!

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் மாடல் நம்பரைப் பார்த்துட்டு, "உங்க மாடல்ல முடியாது மேடம், ஹார்டுவேர் சப்போர்ட் பண்ணாது"ன்னார். மூச்சு விடாம அடுத்த வரி: "எக்ஸ்சேஞ்ச் ஆபர் போயிட்டிருக்கு, பார்க்கிறீங்களா?"

அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "போன் பழசாயிடுச்சுப்பா..."ன்னு இழுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "ஆகட்டும் கண்ணு, சீட்டு எடுத்துப்போடலாம்"னார். அந்தச் சீட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும். கடைக்கூரை ஷீட்டு ஒழுகுது, மழைக்கு முன்னாடி மாத்தணும்.

வைக்கப் போனவர் சும்மா கேட்டார், "அதுல என்ன கண்ணு போச்சு?"

"ஒண்ணும் போகலைப்பா. புதுசா வந்திருக்கிற ஒண்ணு இதுல வராதாம்."

"வராதுன்னு ஆரு சொன்னது?"

"சர்வீஸ் சென்டர்ல."

"புதுசு விக்கறவனும் அவனேதானே?" சிரிச்சார். "மோட்டாரு செத்துப்போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. பிரிச்சுப் பாத்தா சிலதுல கண்டென்சர் மட்டும் போயிருக்கும். சிலதுல நெசமாலுமே காயில் கருகியிருக்கும். பிரிச்சுப் பாக்காமச் சொல்லப்படாது கண்ணு."

அப்பதான் உறைச்சுது. தமிழ்ல 'முடியாது'ங்கிறது சரியான டகால்டி வார்த்தை. "என்னால நூறு கிலோ மூட்டையைத் தூக்க முடியாது" - இது நிஜமாவே இயலாமை. "உனக்கு அசைன்மென்ட் எழுதித் தர முடியாது, போடி" - இது இயலாமை இல்ல, மாட்டேன்! கம்பெனிக்காரங்க சொல்றது இதுல எந்த 'முடியாது'? போனைப் பிரிக்கிற தைரியம் எனக்கு இல்ல. அதனால கதைகளைப் பிரிச்சுப் பார்த்தேன். மூணு ராத்திரி போச்சு.

முதல் கதை சிரியோடது. 2011 அக்டோபர்ல ஐபோன் 4எஸ் வந்தப்ப அதோட ஹீரோவே இந்த சிரிதான். நாம பேசினா பதில் சொல்லும். அதுக்கு முந்தின ஐபோன் 4க்கும் அதே ஐஓஎஸ் 5 வந்துச்சு, சிரி மட்டும் வரலை. சரி, பழைய போனுக்குச் சக்தி பத்தாது போலன்னு நினைச்சா, பிளாஷ்பேக்ல ட்விஸ்ட்! 2010 பிப்ரவரியிலேயே சிரி ஒரு சாதாரண ஆப்பா ஆப் ஸ்டோர்ல இருந்திருக்கு. அதையும் விடப் பழைய ஐபோன் 3ஜிஎஸ்ல ஓடியிருக்கு! அதே வருஷம் ஏப்ரல்ல ஆப்பிள் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. 4எஸ் வந்ததும் பழைய ஆப்புக்கு மூடுவிழா. இத்தனைக்கும் நாம பேசுறதைப் புரிஞ்சுக்கிற பெரிய வேலை போன்ல நடக்கலை, எங்கேயோ இருக்கிற சர்வர்ல நடந்துச்சு. புது சிரியில கூடுதல் வசதிகள் இருந்தது நிஜம்தான். ஆனாலும் என் கணக்குல இது கண்டென்சர் கேஸ்.

ரெண்டாவது கதையில எனக்கு என் கதையே தெரிஞ்சுது. 2023 அக்டோபர்ல கூகுள் பிக்சல் 8, பிக்சல் 8 ப்ரோன்னு ரெண்டு போன் விட்டுச்சு. ரெண்டுலயும் ஒரே டென்சார் ஜி3 சிப். டிசம்பர்ல ஜெமினி நானோங்கிற ஏஐ, ப்ரோவுக்கு மட்டும் வந்துச்சு. அது செஞ்ச வேலைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? ரெக்கார்டர்ல பதிஞ்ச பேச்சைச் சுருக்கித் தர்றது! 2024 மார்ச் ஆரம்பத்துல, ஹார்டுவேர் காரணமா பிக்சல் 8க்கு இது வராதுன்னு கூகுள் தரப்புல சொன்னாங்க. வாங்கினவங்க கொதிச்சுட்டாங்க. அதே மார்ச் கடைசியில, "டெவலப்பர் ஆப்ஷனா தர்றோம்"னு அறிவிப்பு வந்துச்சு. ஜூன்ல வந்தே விட்டுச்சு. மார்ச்ல 'முடியாதது' ஜூன்ல எப்படி முடிஞ்சுது? போனுக்குள்ள யாரும் புதுசா எதையும் வைக்கலையே!

இங்கேயே கட்டுரையை முடிச்சு, "எல்லாம் திருட்டுப் பசங்க"ன்னு கோஷம் போட்டா கைதட்டல் கிடைக்கும். ஆனா காயில் கருகின மோட்டாரும் இருக்குன்னு அப்பா சொன்னாரே. அந்தப் பக்கத்தையும் பார்த்துடுவோம்.

ப்ரோவுல ராம் 12 ஜிபி, சாதா 8ல 8 ஜிபி. அதனால என்னன்னு கேட்டா, நானோவோட சின்ன வடிவத்துலயே 180 கோடி எண்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் அரை பைட்டுன்னு வச்சாலும் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. நீங்க கேட்டதும் சட்டுன்னு பதில் வரணும்னா அது ராம்லயே உட்கார்ந்திருக்கணும். நாலு பேர் ஹாஸ்டல் ரூம்ல அஞ்சாவதா ஒருத்தர் நிரந்தரமாப் பாய் விரிச்சுப் படுத்துட்ட மாதிரி. கேமரா, வாட்ஸ்அப், பாட்டு எல்லாம் மிச்ச இடத்துல நெருக்கிக்கணும். அப்படிப் பார்த்தா கூகுள் சொன்னது முழுப் பொய் இல்ல. 'கஷ்டம்'னு சொல்லியிருக்கணும், 'முடியாது'ன்னு சொல்லிட்டாங்க. அதுதான் தப்பு.

ஐபோன் 15 கதையும் இதே ரகம். 2023 செப்டம்பர்ல வந்த போன். ஒன்பது மாசம் கழிச்சு, 2024 ஜூன்ல, ஆப்பிள் தன் ஏஐயை அறிவிச்சப்ப அது லிஸ்ட்ல இல்ல. 15 ப்ரோ இருந்துச்சு. அதை விட ஆச்சரியம், 2020ல வந்த எம்1 சிப் போட்ட ஐபேடுகளும் இருந்துச்சு! ஆக, வயசு இங்கே பிரச்னையே இல்ல. எம்1 ஐபேடுலயும் 15 ப்ரோவிலயும் ராம் 8 ஜிபியாவது இருக்கு, சாதா 15ல 6தான். சரி, காயில் கேஸ்னே வச்சுக்குவோம். ஆனா 6 ஜிபி போதும்னு முடிவு பண்ணினது யாரு? இன்னிக்கு 'முடியாது'ன்னு சொல்றது, நேத்திக்கு அவங்களே எடுத்த முடிவோட பலன்தானே? வாங்கின நம்மகிட்ட அதை யாரும் சொல்லலையே!

மூணாவதா ஒரு பதிலும் இருக்கு: கட்டுப்படியாகாது. ஒவ்வொரு பழைய மாடலுக்கும் தனியா டெஸ்ட் பண்ணணும், கேமராவுக்குத் தனியா ட்யூன் பண்ணணும், ஏதாவது கோளாறு வந்தா திட்டு வாங்கணும். இதெல்லாம் நிஜமான செலவு. மனசு வச்சுச் செய்யறவங்களும் இருக்காங்க. சாம்சங் 2024 ஜனவரியில எஸ்24ல கேலக்ஸி ஏஐ கொண்டு வந்துச்சு. ரெண்டே மாசத்துல அதுல பெரும்பகுதியை முந்தின வருஷ எஸ்23க்கும் கொடுத்துடுச்சு. கட்டுப்படியாகலைன்னா அதையே நேராச் சொல்லிடலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம். முடியாது, மாட்டோம், கட்டுப்படியாகாது - மூணையும் 'ஹார்டுவேர்'ங்கிற ஒரே போர்வைக்குள்ள சுருட்டி வைக்கிறதுதான் கடுப்பேத்துது.

மறைச்சா என்ன ஆகும்கிறதுக்கும் ஒரு பழைய பாடம் இருக்கு. 2017ல ஆப்பிள் ஒரு அப்டேட் மூலமா, பேட்டரி தேய்ஞ்ச ஐபோன்களோட வேகத்தைக் குறைச்சுது. போன் திடீர்னு அணைஞ்சுடக் கூடாதேன்னு செஞ்சதாச் சொன்னாங்க. அந்தக் காரணத்துல நியாயம் இருக்கு. ஆனா நம்மகிட்ட அதைத் தெளிவாச் சொல்லலை. டிசம்பர்ல விஷயம் வெடிச்ச அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள எத்தனை பேர், போனே போச்சுன்னு புதுசு வாங்கியிருப்பாங்க? பேட்டரி மட்டும் மாத்தியிருந்தா பழைய வேகம் திரும்பியிருக்கும். அப்பாவோட கண்டென்சர் கதையேதான்! அப்புறம் அமெரிக்காவுல 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்கு இறக்கினாங்க. சொல்லாம விட்டதுக்காக 2020 பிப்ரவரியில பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு.

இப்ப என் போன். என் மாடலையும் ரூம்மேட் மாடலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். சிப் ஒண்ணேதான். ராம் மட்டும் அவளுக்கு ரெண்டு ஜிபி கூட. கம்பெனிக்கே மெயில் போட்டேன்: "ராம் பத்தலையா, இல்ல தர்ற எண்ணம் இல்லையா? எதுவா இருந்தாலும் நேராச் சொல்லுங்க." பதில் வந்துச்சு: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." என்ன பதில் இது? முடியாதா, மாட்டாங்களா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனா தேடினதுல ஒண்ணு கிடைச்சுது. காது கேட்காதவங்களுக்காக 2019ல கூகுள் லைவ் டிரான்ஸ்க்ரைப்னு ஒரு இலவச ஆப் கொண்டு வந்துச்சு. எதிர்ல பேசுறதைத் திரையில எழுத்தாக் காட்டும். என் போன்ல போட்டுப் பார்த்தேன். ஓடுது! நான் நெட்லதான் ஓட்டுறேன், சிக்னல் போனா திக்கும், பத்தி பிரிக்காது, சுருக்கமும் தராது. தூரத்துல இருந்தா சரியாக் கேட்காதுன்னு நான் முதல் பெஞ்ச்சுக்கு மாறிட்டேன். (இதனால ஒரு பக்க விளைவு, தூங்க முடியலை.) கிளாஸ் முடிஞ்சதும் எழுத்தைக் காப்பி பண்ணி வச்சுக்கிட்டு ராத்திரி படிக்கிறேன். ரூம்மேட் போன் செய்யறது இதைவிட நல்லா இருக்குங்கிறதை மறுக்கலை. ஆனா அந்த வித்தியாசத்தோட விலை ஒரு கடைக்கூரை. எனக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால பாஸ், அடுத்த தடவை "உங்க மாடல்ல முடியாது"ன்னு யாராவது சொன்னா, எக்ஸ்சேஞ்ச் ஆபர் பக்கம் திரும்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அந்த வேலை போனுக்குள்ள நடக்குதா, சர்வர்ல நடக்குதா? புது போன் வச்சிருக்கிற பிரெண்டுகிட்ட நெட்டை ஆப் பண்ணிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. உங்க போன்ல இருக்கிற அதே சிப், அதே ராம் உள்ள வேற மாடலுக்கு அது வந்திருக்கா? கூட்டமாக் கேட்டா அடுத்த அப்டேட்ல வர வாய்ப்பு இருக்கா? பிக்சல் 8க்கு அப்படித்தான் வந்துச்சு. அடுத்த போன் வாங்கும்போது ராம் எவ்வளவுன்னு கேமராவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பாருங்க. "7 வருஷம் அப்டேட்"னு பெட்டியில போட்டிருந்தா சந்தோஷம்தான். ஆனா அது வெர்ஷன் நம்பருக்கான வாக்குறுதி, அதுல வர்ற அத்தனை வசதிக்கும் இல்ல. அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

பிரிச்சுப் பார்த்த அப்புறமும் புதுசு வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. உங்க காசு, உங்க இஷ்டம். என்னை மாதிரி அப்பா காசா இருந்தா மட்டும் இன்னொரு தடவை பிரிச்சுப் பாருங்க.

ஐப்பசி மழைக்கு முன்னாடி கடைக்கூரை மாத்தியாச்சு. லீவுக்குப் போனப்ப, யாரோ 'செத்துப்போச்சு'ன்னு கொண்டு வந்த மோட்டார் ஒண்ணை அப்பா பிரிச்சுட்டிருந்தார். நிமிராமலே கேட்டார், "போனு செரியாயிருச்சா கண்ணு?"

"அது நல்லாத்தான்ப்பா இருந்துச்சு"ன்னேன்.