கத்தி, காதல், ஒரு கல் மதில்!

சியோல் போனா, சிட்டி ஹால் ஸ்டேஷன்ல இறங்குங்க ஃப்ரெண்ட்ஸ். வெளியே வந்ததுமே தொக்சுகுங் அரண்மனை. டிக்கெட் 1,000 வோன். கொரிய பாரம்பரிய உடையான ஹன்போக் மாட்டிக்கிட்டா அதுவும் மிச்சம்!

ஆனா விஷயம் அரண்மனை இல்லை. அதை ஒட்டி ஓடுற கல் மதில் பாதை. ராத்திரியில போங்க. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. லீ மியங்-சே 2005-ல எடுத்த 'டூயலிஸ்ட்' பார்த்தவங்க சட்டுனு நின்னுடுவீங்க. (இந்த மதில் படத்துல வருதுன்னு சொல்லலை. ஞாபகப்படுத்துது, அவ்வளவுதான்!)

ஜோசன் மன்னர்கள் காலத்துக் கதை. கள்ள நாணயக் கும்பலைத் துரத்துற போலீஸ் பொண்ணா ஹா ஜி-வொன். 'சோகக் கண்'ங்கிற கொலையாளியா காங் டோங்-வொன். மத்தபடி கதையை ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். ஆனா அந்தச் சந்துச் சண்டை இருக்கே... அவன் இருட்டுக்குள்ள கரையுறான், கத்தி மட்டும் பளிச்சுங்குது. இவ பாயுறா. வெட்டிக்கிறாங்களா, டான்ஸ் ஆடுறாங்களா? தொட முடியாத ரெண்டு பேருக்குப் பதிலா வாள்கள் தொட்டுக்குது!

இந்த மதிலோரம் ஜோடியா நடந்தா பிரிஞ்சிடுவாங்கனு சியோல்ல ஒரு பேச்சு உண்டு. பக்கத்துல முன்னே குடும்ப நீதிமன்றம் இருந்ததாம். டைவர்ஸ் கேட்டு வந்தவங்க நடந்த வழியாம். அந்த கோர்ட் எப்பவோ இடம் மாறியாச்சு, பேச்சு மட்டும் போகலை. ஆனாலும் ஜோடிகள் நடந்துக்கிட்டேதான் இருக்காங்க.

நீங்களும் ஜோடியா போறீங்களா? இருட்டுப் பக்கம் யார் நடக்கிறதுனு முன்கூட்டியே பேசி வெச்சுக்குங்க!