கப்பலறையும் திரைச்சீலையும்

சென்னையினின்று போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது) செல்லும் அரசுக் கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரம் கழியும். இருவர் தங்கும் டீலக்ஸ் அறையும், நால்வர் தங்கும் அறையும், பலர் ஒருங்கே துயிலும் பங்க் வகுப்பும் அதில் உள. எவற்றைக் கொள்வதென, திருவண்ணாமலையில் எங்கள் இல்லத்தில் ஒரு வாரம் வாதம் நிகழ்ந்தது. தங்கையும் யானும் பங்க் வகுப்பிற் செல்லலாம் என்றார் தந்தையார், செலவு சுருங்குமன்றோ! அன்னையார் இசைந்திலர். பதினாறு வயதினள் அயலார் நடுவே எங்ஙனம் உறங்குவாள்? நால்வர்க்கும் ஓரறையே தக்கது என்றார். தங்கையோ, "எனக்கு ஒரு திரையாவது வேண்டும்" என்றாள். அனைவரும் வாய் மூடினோம். கிறிஸ்தவரேயாயினும், தீபத் திருநாளில் வழிப்போக்கர்க்குத் திண்ணையை உவந்தளிக்கும் இல்லம் எமது. அவளுக்கெனவோ அதில் ஒரு மூலையும் இதுகாறும் இல்லை. நால்வர் அறையே முடிவாயிற்று. மேற்படுக்கை எனக்கு, கீழ்ப்படுக்கை அவளுக்கு. அன்றிரவே அன்னையார் பழஞ்சேலையொன்றை எடுத்து, விளிம்பு மடித்துத் தைக்கலானார்.