வீட்டிலிருந்து உழைக்கிறேன், சுதந்திரமாக இருக்கிறேனா?



"உனக்கென்ன, வீட்டுக்குள்ள இருந்துகொண்டே டொலரில உழைக்கிறாய். ஆருக்கும் கைகட்டத் தேவையில்லை" என்று என்னைக் காணும் பெண்கள் பலர் சொல்வதுண்டு. கணனி நிரல் எழுதும் வேலையை எந்த நிறுவனத்திலும் சேராமல் வீட்டிலிருந்தபடியே செய்துவருகிறேன். பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையல்ல. இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தங்கைமாருக்கு அந்த மிச்ச உண்மையையும் சொல்லவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2009 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாத்தளனில் அப்பாவை இழந்தோம். அம்மாவின் வலது காலில் செல் துண்டு ஒன்று இன்றும் இருக்கிறது. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்து அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் உயர்தரப் பரீட்சை எழுதினேன். 2010 இல் பரந்தனுக்கு அருகே மீள்குடியேறினோம். தகரக் கொட்டிலில் அம்மா இடியப்பம் அவித்து விற்ற காசில் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படித்தேன். 2013 இல் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

ஆனால் அம்மா தனியே இருந்தார். காலில் வீக்கம் ஏறி இறங்கும். கிணற்றில் தண்ணீர் அள்ளவும் ஆள் இல்லை. ஒவ்வொரு வெள்ளி இரவும் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புவேன். அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் போக, அம்மாவின் கையில் கொடுப்பதற்குச் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பமே. ஒன்றரை வருடத்தின் பின் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய மடிக்கணனியோடு ஊருக்கு வந்தேன்.

முதற் சம்பளம்

2014 இறுதியில் இணையத்தின் ஊடாக வேலை தேடித்தரும் ஓடெஸ்க் தளத்தில் பதிந்தேன். அதுவே 2015 இல் அப்வேர்க் எனப் பெயர் மாறியது. முதல் வேலை, ஒரு கடையின் இணையத்தளத்தைத் திருத்திக் கொடுப்பது. கூலி 60 டொலர். தளம் 10 வீதம் கழித்துக்கொள்ள 54 டொலர் வந்தது. அக்காலத்தில் பேபால் ஊடாக இலங்கையில் பணம் பெற வழியிருக்கவில்லை. பேயோனியர் என்ற வேறொரு சேவையில் கணக்குத் திறந்தே வங்கிக்கு எடுத்தேன். அன்றைய பெறுமதியில் சுமார் ஏழாயிரம் ரூபா. அம்மா அந்தத் தாள்களைச் சாமிப் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார்.

எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இரவு கொப்பியில் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம், மொத்தம் 72 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு நூறு ரூபாகூட விழவில்லை.

இன்னொன்றும் விளங்கியது. நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போடவேண்டும். ஐம்பதாயிரம் ரூபா சம்பளக்காரிக்கு இது மாதம் 7,500 ரூபா. பிரசவ விடுமுறை, சுகயீன விடுமுறை வேறு. வீட்டிலிருந்து உழைப்பவளுக்கு இவை ஒன்றும் இல்லை. ஆகவே அதே ஐம்பதாயிரம் எனக்கு வந்தாலும் அது ஐம்பதாயிரம் அல்ல. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் கணனித் தேய்மானமும் அதற்குள்தான். இதைத் தெரியாமல் பலர் வாய்க்கு வந்த கூலியைச் சொல்லி ஏமாந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஒருமுறை, தளத்துக்கு வெளியே வேலை தருவதாகவும் கழிவு மிஞ்சும் என்றும் ஒருவர் சொன்னார். நம்பினேன். ஒன்றரை மாத வேலை, 300 டொலர். வேலை முடிந்ததும் அவரிடமிருந்து மின்னஞ்சலும் வரவில்லை, பணமும் வரவில்லை. எந்த நாட்டுப் பொலிசில் போய் முறையிடுவது?

அந்த இரவு

இழந்ததைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் வந்த வேலையெல்லாம் ஏற்றேன். 2017 இல் மாதம் தொண்ணூறாயிரம் ரூபா வரை உழைத்தேன். கல்வீட்டுக்குப் பூச்சுப் பூசினோம். ஆனால் நான் நாளுக்குப் பதினான்கு மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. என் வாடிக்கையாளர்கள் இருவரும் அமெரிக்காவில் இருந்தனர். அவர்களின் பகல் எங்களின் இரவு.

ஊர் கதைக்கத் தொடங்கியது. "பிள்ளை, உன்ர அறையில ராவிராவா லைற் எரியுதாம். ஆரோடையோ இங்கிலிசில கதைச்சுச் சிரிக்கிறியாம். சனம் ஒரு மாதிரிக் கதைக்குது" என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை என்னிடம் சொல்லவே இல்லை. அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் பாயைப் போட்டுப் படுக்கத் தொடங்கினார். ஊருக்குப் பதில் சொல்லும் வழி அவருக்கு அதுதான்.

ஒக்டோபர் மாதம் ஒரு நாள், இரவு ஒரு மணி. நியூயோர்க்கில் அப்போது பிற்பகல் மூன்றரை. இரண்டு காதிலும் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்தேன். கூட்டம் முடிந்து அதைக் கழற்றியபோதுதான் நாய் விடாமல் குரைப்பது கேட்டது. பாயில் அம்மா இல்லை. மலசலகூடத்துக்குப் போகும் வழியில், மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. இருபது நிமிடமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

ஓட்டோவில் கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போகும்போது அம்மா கோபப்படாமல்தான் சொன்னார்: "மாத்தளனில அவ்வளவு செல் சத்தத்துக்குள்ளயும் நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டது. ஓடி வந்தனி. இண்டைக்குக் கேக்கேல்லைப் பிள்ளை."

அம்மாவைப் பார்ப்பதற்காகத்தான் கொழும்பு வேலையை விட்டேன். அதே வீட்டுக்குள் இருந்துகொண்டே அவரைக் காணாமல் இருந்திருக்கிறேன். யாருக்கும் கைகட்டவில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் நித்திரையையும் சாப்பாட்டு நேரத்தையும் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையையும் யாரோ இருவர் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மாற்றியவை

அம்மாவின் கைக்கட்டு அவிழ்க்கும் முன் சில முடிவுகள் எடுத்தேன். இரவு ஒன்பதரைக்குப் பின் வேலை இல்லை என்று இரு வாடிக்கையாளருக்கும் எழுதினேன். ஒருவர் விலகிக்கொண்டார். மற்றவர், "அதற்கென்ன, காலையில் எழுதி அனுப்புங்கள்" என்றார். இத்தனை காலமும் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்! நான்கு மாதம் வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பயமாகத்தான் இருந்தது. பிறகு அவுஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் வேலை தேடினேன். மெல்பேர்ண் நேரம் எங்களைவிட நாலரை அல்லது ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் அவர்களின் வேலை நாளில் பெரும்பகுதி எனக்குக் கிடைக்கும். பின்னேரம் என்னுடையது.

வாடிக்கையாளரைக் கூட்டுவதைவிட இருப்பவரை நீண்டகாலம் வைத்திருப்பதே இலாபம் என்பதையும் கண்டேன். அப்வேர்க் தளம் 2016 முதல் 2023 வரை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பெறும் முதல் 500 டொலருக்கு 20 வீதமும், அதன் பின் 10,000 டொலர் வரை 10 வீதமும் கழித்தது. புது ஆட்களைத் தேடித்தேடி ஓடினால் கழிவே கொண்டுபோய்விடும்.

2019 இல் ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மாதம் 700 டொலர் நிரந்தரமாகத் தருவதாகச் சொன்னது. நிபந்தனை, வேலை நேரம் முழுவதும் என் கணனித் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கும் மென்பொருளைப் போட வேண்டும், கமராவும் திறந்திருக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். அம்மாவின் மருந்துச் செலவு கண்முன் நின்றது. ஆனால் எங்கே போகிறாய், ஏன் போகிறாய், பையில் என்ன என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். என் சொந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்க எழும்புவதற்குக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுத்துவிட்டேன். ஆனால் வெறுங்கையோடு மறுக்கவில்லை. பழைய வாடிக்கையாளர் மூவரிடம், "உங்கள் தளத்தை மாதாமாதம் நானே பராமரிக்கிறேன், மாதம் 100 டொலர் தாருங்கள்" என்று கேட்டேன். மூவரும் சம்மதித்தார்கள். அந்த 300 டொலர் அரிசிக்கும் மருந்துக்கும் போதும். அதற்கு மேல் வருவது முயற்சியைப் பொறுத்தது.

எல்லோரும் மறுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னோடு படித்த ஒரு தங்கை இரண்டு பிள்ளைகளோடு தனித்திருப்பவர். அவர் யாழ்ப்பாணத்தில் அலுவலக வேலை ஒன்றில் சேர்ந்தார். மாதம் முடிய சம்பளம், சேமலாப நிதி, மாலை ஐந்தரைக்கு வீடு. அவருக்கு அதுவே சுதந்திரம். எது எங்களை நிம்மதியாகத் தூங்கவிடுகிறதோ அதைத் தெரிவுசெய்யும் உரிமை எங்களிடம் இருக்கவேண்டும்.

கையில் கொஞ்சம் மிச்சம்

அந்த உரிமைக்கு அடியில் காசு வேண்டும். வரும் ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டு, மூன்று மாதச் செலவு சேரும்வரை தொடுவதில்லை என்று வைத்தேன். அது 2022 இல் எங்களைக் காப்பாற்றியது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார நேர அட்டவணையை மெல்பேர்ணுக்கு அனுப்பி அதன்படி வேலை செய்தேன். பல வேலைகள் கைநழுவின. வருட ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியதால் வந்த கொஞ்சமும் பெருகித் தெரிந்தது. ஆனால் விலைவாசியும் வேகமாக ஓடியது. சேமிப்பு இல்லையென்றால், கிழமைக்குக் கிழமை கடன் அறவிட வருபவரின் முன் நானும் நின்றிருப்பேன்.

இத்தொழிலுக்கு வர எண்ணும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

கூலி சொல்லும் முன் மணித்தியாலத்தைக் கணக்கிடுங்கள். சேமலாப நிதி இல்லை என்பதையும் கூலியில் சேருங்கள்.

பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்பணம் வாங்குங்கள்.

ஒரே ஆளிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வந்தால், அவர் முதலாளி ஆகிவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

சுயதொழில் செய்பவரும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் பணம் செலுத்தலாம். சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வரியையும் மறக்கவேண்டாம். 2025 ஏப்ரல் முதல், வங்கியூடாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வரிவிலக்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடியும் நேரத்தை நீங்களே குறியுங்கள்.

அந்த மாமியை ஒரு நாள் கூப்பிட்டு என் கணனியைக் காட்டினேன். நான் செய்த கடைத் தளத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ காசு தாறாங்கள்?" என்று கேட்டார். இப்போது அவரின் பேத்தி சனிக்கிழமைகளில் என்னிடம் நிரல் எழுதப் பழகுகிறாள். இரவு ஒன்பதரைக்கு எங்கள் வீட்டு விளக்கு அணைந்துவிடும். ஊர் அதையும் விடவில்லை. "என்ன, பிள்ளைக்கு இப்ப வேலை இல்லையோ?" என்று கேட்கிறார்களாம். அம்மா எனக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தபடி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.