காபூல் நாட்டைப் பார்க்க வந்த ஈராம்



தைவான் நாட்டுப் பௌ சென் குழுமம் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் காலணித் தொழிற்சாலை அமைப்பதற்கு 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 2,302 கோடி ரூபாய். 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது திட்டம். உளுந்தூர்பேட்டை நமக்குப் பக்கத்து ஊர். ஆகவே எலவனாசூர்கோட்டையில் பேச்செல்லாம் இதுவாகவே இருக்கிறது. பிள்ளைகளின் வேலையைக் குறித்துச் சிலர் ஜெபிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் வேன் ஓட்டவும், உணவு சமைத்துக் கொடுக்கவும், விடுதி நடத்தவும் அந்நியரோடு பங்காளிகளாகச் சேரலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய பாஷையும் பழக்கமும் நமக்குத் தெரியாதே என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வேதத்தில் அப்படிப்பட்ட ஒரு கூட்டுத்தொழில் விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில், தேவாலயத்துக்கு மரம் வேண்டிச் சாலொமோன் தீருவின் ராஜாவாகிய ஈராமிடம் ஆள் அனுப்புகிறான். மரம் வெட்டுவதில் சீதோனியருக்கு இணையானவர்கள் தன் ஜனத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். ஞானத்துக்குப் பேர்பெற்ற ராஜாவின் வார்த்தை அது. கூலியை ஈராமே சொல்லட்டும் என்றும் விட்டுவிடுகிறான். ஈராமோ வேலையைத் தன் வழக்கப்படி பிரித்துக் கொடுக்கிறான்: வெட்டுவதும் கடல்வழியே தெப்பங்களாகக் கொண்டுவருவதும் தன் ஆட்களின் பொறுப்பு, கரையில் பெற்றுக்கொள்வது சாலொமோனின் பொறுப்பு, பதிலுக்குத் தன் அரமனைக்கு ஆகாரம். தீரு பாறையும் கடலுமான தேசம். அதற்குப் பொன்னைவிடக் கோதுமை அவசியமாக இருந்தது. வருஷந்தோறும் 20,000 கலம் கோதுமை என்று அளவும் குறிக்கப்பட்டது. எல்லாம் வாய்விட்டுப் பேசப்பட்டதால் வேலை நடந்தது.

நான்கு அதிகாரங்கள் தள்ளி, 9ஆம் அதிகாரத்தில் சிக்கல் வருகிறது. இருபது வருஷ வேலை முடிந்தபின் சாலொமோன் கலிலேயாவில் இருபது பட்டணங்களை ஈராமுக்குக் கொடுக்கிறான். இம்முறை என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. ஈராம் நேரில் வந்து பார்க்கிறான், அவனுக்குப் பிரியமாயில்லை.

கொடுத்தவன் பெரிதென்று நினைப்பதைப் பெற்றவன் வேறுவிதமாக எண்ணுவது நமக்கும் நேரக்கூடியதே. புதுமனை புகுவிழாவுக்குச் சுவர்க்கடிகாரம் கொண்டுபோகிறோம். தைவானில் கடிகாரம் பரிசளிப்பது அபசகுனம். அவர்களுடைய பாஷையில் அந்தச் சொற்கள், சாகிறவரின் அருகே கடைசிவரை இருப்பதைக் குறிக்கும் சொற்களைப் போலவே ஒலிக்கின்றன. நாம் மொய்க்கு 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறோம். அவர்களோ கல்யாணத்துக்கு இரட்டைப்படையிலும் துக்கவீட்டுக்கு ஒற்றைப்படையிலும் பணம் கொடுப்பார்கள். அன்போடு கொடுத்ததே வருத்தத்தைக் கொண்டுவரலாம்.

ஈராம் அடுத்துச் செய்ததே என் மனதைத் தொடுகிறது. அவன் முகத்துக்கு முன் சிரித்துவிட்டு ஊரில் போய்க் குறை சொல்லவில்லை. சாலொமோனைச் சகோதரன் என்றே அழைத்து, இவை என்ன பட்டணங்கள் என்று நேராகக் கேட்டுவிடுகிறான். அந்த நாட்டுக்குக் காபூல் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. 2 நாளாகமம் 8ஆம் அதிகாரத்தை வைத்து, அவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று வியாக்கியானிகள் சிலர் கருதுகிறார்கள். ஆனாலும் அதே 9ஆம் அதிகாரத்தின் முடிவில், கடலை அறிந்த ஈராமின் கப்பலாட்கள் சாலொமோனின் ஊழியக்காரரோடு ஓப்பீருக்குப் பயணம் போகிறார்கள். குறையைச் சொன்ன பின்னும் அவர்கள் பங்காளிகளே.

நமக்கு இது எளிதாக வராது. இஷ்டமில்லாததற்கு நாம் "பார்க்கலாம்" என்போம். எதிரிலிருப்பவரின் முகம் வாடக்கூடாது என்ற கவலை தைவான் மக்களுக்கும் உண்டு. யோசித்துச் சொல்கிறோம் என்பது அங்கேயும் பலமுறை மறுப்புதான். இரண்டு பக்கமும் மரியாதையாகப் பேசி, ஒருவரும் உண்மையைச் சொல்லாமல் எழுந்துபோக முடியும். ஆகையால் பணம் எந்தத் தேதியில் வரும், தாமதமானால் என்ன, சரக்கு கழிக்கப்பட்டால் நஷ்டம் யாருக்கு என்பவற்றைக் கேட்கத் தயங்காதீர்கள். தமிழிலும் ஒரு பிரதி கேளுங்கள். அது அவமரியாதை அல்ல, ஈராமும் கேட்டான்.

கிழக்கே வரும் ஆலையைப் பார்க்கும் நாம் மேற்கேயும் பார்க்க வேண்டும். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றைக் கொண்டுவந்து சமவெளியில் விற்கிறார்கள். அவர்களுடைய வழக்கம் வேறு. அங்கே பலத்த கை நம்முடையது. சாலொமோனின் இடத்தில் நாமே இருக்கிறோம். விளைச்சலுக்கு முன்பே முன்பணம் கொடுத்து, எடையையும் விலையையும் நாமே முடிவு செய்துவிட்டு, நன்மை செய்ததாக எண்ணிக்கொள்வது நடக்கக்கூடாதது அல்ல. இந்த விலை எனக்குப் பிரியமில்லை, அண்ணே, என்று ஒரு மலைவாசி நம் கடைவாசலில் நின்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த வாரமும் அவரிடம் வாங்குவோமா? தைவான்காரர் நம்மை எப்படி நடத்துவார் என்று கேட்கிறவர்கள் இதற்கும் பதில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

வருகிற புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்காக விசேஷமாக ஜெபிப்போம். ஒப்பந்தத் தாள் கையில் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்; கையெழுத்திடுமுன் சேர்ந்து வாசிப்போம்.