மாம்பலத்திலிருந்து ஒரு நிறுத்தம்

மேற்கு மாம்பலத்தைச் சென்னைவாசிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக மட்டும் சில சொற்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில் பாதை மாம்பலத்தை இரு கூறாக்கிச் செல்கிறது. பாதைக்குக் கிழக்கே தியாகராய நகர். பட்டும் பொன்னும் பாத்திரமும் விற்கும் பெருங்கடைகளின் ஊர். மேற்கே மாத வருமானக்காரர்களின் மாம்பலம். கோயில்களும், அயோத்தியா மண்டபமும், காலை நான்கு மணிக்கே மணக்கும் காப்பியும், வாழையிலை போட்டுச் சோறிடும் மெஸ்களும், பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் தங்கும் அறைகளும் நிறைந்த நெருக்கமான தெருக்கள். இங்கே ‘லேக் வியூ சாலை’ என்றொரு சாலை உண்டு. அச்சாலையில் நின்று எத்திசை நோக்கினும் ஏரி தென்படாது. 1920-களில் இப்பகுதியில் ஏரியைத் தூர்த்து நகரம் விரிந்தபோது நீர் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நகரத்தில் வாழும் நம்மில் பலர் சாதியையும் அந்த ஏரியைப் போலவே எண்ணிக்கொள்கிறோம். முன்னொரு காலத்தில் இருந்தது, இன்று சான்றிதழில் பெயராக மட்டும் இருக்கிறது என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் சரியா என்பதை ஆராய நெடும்பயணம் தேவையில்லை. மாம்பலத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் போய்வந்தால் போதும். வாருங்கள், அன்பர்களே, சேர்ந்தே செல்வோம்.

முதலில் பாதையைக் கடந்து கிழக்கே செல்வோம். மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை அதற்கு வசதியாயிருக்கிறது. இறங்கி வெங்கடநாராயணா சாலைக்குச் சென்றால் தக்கர் பாபா வித்யாலயத்தைக் காணலாம். தக்கர் பாபா என மக்கள் அன்போடு அழைத்த அம்ருதலால் தக்கர் 1869-இல் குஜராத்தின் பாவநகரில் பிறந்தவர். பொறியாளர் வேலையைத் துறந்து, தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாழ் மக்களுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தவர். 1932-இல் பூனா உடன்படிக்கையை அடுத்துத் தோன்றிய அரிஜன சேவா சங்கத்தின் பொதுச் செயலாளராக ஊர் ஊராய் அலைந்தவர். அச்சங்கம் 1930-களில் கோடம்பாக்கத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்களுக்காக ஒரு தொழிற்பள்ளியை நடத்தியது. அதன் தொடர்ச்சியாகிய இவ்வித்யாலயத்துக்கு 1946-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தலை நிமிர்ந்து வெளியேறிய கிராமத்துப் பிள்ளைகள் பலர். நகைக்கடைக்குச் செல்லும் கூட்டத்தில் எத்தனை பேர் இவ்வாயிலை ஏறிட்டுப் பார்க்கிறார்களோ!

இனி மாம்பலம் நிலையத்துக்குத் திரும்பித் தாம்பரம் வண்டி ஏறுவோம். அடுத்த நிறுத்தம் சைதாப்பேட்டை. இங்கேதான் எம்.சி. ராஜா விடுதி இருக்கிறது. பெயருக்கு உரியவர் யார் என்று இளைய தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். 1883-இல் நம் புனித தோமையாரின் பெயர் தாங்கிய பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், சென்னைச் சட்டமன்றத்தில் 1920-களின் தொடக்கத்திலேயே ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாய் ஒலித்தவர். இழிவாய் வழங்கிய சாதிப் பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று வழங்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஓர் ஆசிரியரின் பெயரை மாணவர் விடுதிக்கு இட்டது எவ்வளவு பொருத்தம்!

இந்த விடுதியின் பழைய கட்டடம் பாழ்பட்டுக் கிடந்த காலத்தில், குடிநீருக்கும் கழிப்பறைக்குமாக மாணவர்கள் சாலைக்கு வந்து போராடியதுண்டு. இன்று அந்த நிலை மாறி, பத்துத் தளங்களுடன் புதுக் கட்டடம் எழுந்திருக்கிறது. 2025 ஏப்ரலில், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளன்று அது திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், தமிழக அரசு தன் மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற பொதுப்பெயரைச் சூட்டியது. விடுதியின் பெயரைக் கேட்டதுமே மாணவனின் சாதி தெரிந்துவிடும் அவலம் இதனால் சிறிது குறையும் என நம்பலாம்.

‘ஊரிலேயே பள்ளிக்கூடம் இருக்க, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பானேன்?’ என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. அதற்கு விடை நம் கிராமங்களில் இருக்கிறது. 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலுக்கு அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கக் காசோடு வந்த பள்ளிச் சிறுவர்களுக்கு, ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கடைக்காரர் பண்டம் தர மறுத்ததை நாடே காணொளியில் கண்டது. தங்களுக்கு ஏன் மிட்டாய் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளும் வயதுகூட அக்குழந்தைகளுக்கு இல்லை! 2023 ஆகஸ்டில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், நன்றாகப் படித்துவந்த ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிகளில் சாதிப் பகையை ஒழிக்கும் வழிகளை ஆராய்ந்து, நீதியரசர் சந்துரு தம் அறிக்கையை 2024 ஜூனில் அரசிடம் அளித்ததற்குக் காரணமாய் அமைந்தது இந்தக் கொடுமையே.

இவை செய்தித்தாளில் வந்தவை. வராதவை எத்தனையோ! கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர் செல்ல, பாதியில் நின்றுபோகும் படிப்பு; பள்ளியில் துடைப்பத்தை யாரிடம் கொடுப்பது என்று வரும்போது ஆசிரியரின் பார்வை தானாகச் சென்று நிற்கும் பிள்ளை; தெருவின் பெயரைச் சொன்னதும் மாறிவிடும் முகங்கள். இத்தகைய சூழலில் வளரும் குழந்தைக்கு விடுதி என்பது வெறும் கூரையன்று. அங்கே தடையில்லாத படிப்பும், வேளை தவறாத சோறும், இரவில் படிக்க விளக்கும் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைத் தாழ்ந்தவன் என்று நினைவூட்டும் கண்களிலிருந்து ஒரு விடுதலை கிடைக்கிறது.

முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். 1892-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, நிலமற்ற மக்களின் இழிநிலையை அரசுக்கு எடுத்துரைத்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றின் அருகே அம்மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நகர்ப்புறச் சேரிக் குழந்தைக்குப் பகல்நேரப் பள்ளி போதும். மாலையில் அது தன் குடிசைக்குத் திரும்பிவிடும். ஆனால் தொலைதூரக் குக்கிராமத்துக் குழந்தை எங்கே தங்கும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியும் விடுதியும் கண்டார். நந்தனார் நுழைய ஏங்கி நின்ற அதே ஊரில் அவர் பெயராலேயே பள்ளி! அண்ணல் அம்பேத்கர் 1924-இல் தொடங்கிய சபை முதற்கண் செய்த பணிகளுள் ஒன்றும், 1925-இல் சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதியைத் திறந்ததே.

மாம்பலத்து முதியோர் ‘வாரச் சாப்பாடு’ என்னும் பழைய வழக்கத்தை அறிவார்கள். கிராமத்திலிருந்து படிக்க வந்த ஏழை மாணவன் திங்களன்று ஒரு வீட்டில் உண்பான், செவ்வாயன்று இன்னொரு வீட்டில் உண்பான். இப்படி ஏழு வீட்டுச் சோற்றில் படித்துப் பெரிய பதவி பெற்றவர்கள் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அவ்வீடுகள் அவன் சாதியாரின் வீடுகள். நகரத்தில் வீடும் அடுக்களையும் உடைய உறவினர் இல்லாத சாதியில் பிறந்தவனுக்கு அந்த ஏழு வீடுகள் எங்கே? அந்த ஏழு வீடுகளின் இடத்தில்தான் அரசின் விடுதி நிற்கிறது. 2023-இல் அரசு பள்ளி விடுதி மாணவருக்கான மாத உணவுத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதே. எனினும் நாளொன்றுக்கு வகுத்துப் பாருங்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 47 ரூபாய்! மாம்பலத்து மெஸ்ஸில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது காணாது.

பிறிதோர் ஐயமும் எழுவதுண்டு. தலித் பிள்ளைகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால், கிராமத்துச் சேரியை நகரத்தில் மறுபடியும் கட்டியதாகாதோ? பிற வகுப்பு மாணவரையும் ஓரளவு சேர்க்க விதி இடம் தருகிறது. ஆயினும் மற்றவர்கள் அங்கே தம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள். அப்படியானால் பிரிவினைச் சுவரை எழுப்புவது விடுதியா, அல்லது அதற்கு வெளியே நிற்கும் நாமா? மதில் சூழ்ந்த விடுதியும் பாலமாகலாம். ஆனால் பாலத்துக்கு இரு கரைகள் வேண்டும். ஒரு கரையில் கிராமத்துக் குடிசை. மறுகரையில் இருக்க வேண்டியது நகரத்து இல்லம்.

நம் திருச்சபையும் இவ்வகையில் தன்னை ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. ‘போர்டிங்’ என்று நம் மக்கள் வழங்கும் பங்கு விடுதிகள், பல தலைமுறைகளாய் ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன. குருக்களும் கன்னியரும் கஞ்சி காய்ச்சிக் கல்வி தந்த வரலாறு பெருமைக்குரியது. அதேவேளை, தமிழகத்தின் சில ஊர்களில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் பிரிந்திருந்ததும், கல்லறைத் தோட்டத்திலும் சுவர் நின்றதும் வரலாறுதானே! திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-இல் தமிழக ஆயர்களிடம், சாதியுணர்வின் சாயல்கூடத் திருச்சபையில் இருத்தலாகாது என்று அறிவுறுத்தினார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை வகுத்து, தீண்டாமை நம்மிடையேயும் நிலவுவதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது.

சட்டமும் நம் தலித் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சுமையை ஏற்றியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தபோதும் கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ஆயினும் தமிழக அரசு, கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் விடுதியில் இடமும் தருகிறது. நம் பங்குகளில் இதை அறியாத பெற்றோர் இருப்பின், அறிந்தவர் சொல்லி உதவுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள்.

நிறைவாக, மறுகரையாகிய நகரத்து இல்லத்துக்கு வருவோம். விடுதியில் பயின்று பட்டம் பெற்ற இளைஞன் ஒருநாள் பெட்டியோடு வெளியே வருகிறான். வேலை கிடைத்துவிட்டது, இனித் தங்க ஓர் அறை வேண்டும். சைதாப்பேட்டையிலிருந்து ஒரே நிறுத்தம், மாம்பலம். மாம்பலத்தில் மட்டுமன்று, நகரின் எப்பகுதியிலும் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகையின் கீழே ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்ற வரியைக் காண்கிறோம். பலகையில் அவ்வரி இல்லாத வீட்டில் வேறொரு கேள்வி காத்திருக்கிறது: ‘தம்பி, நீங்க எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு?’ பத்து ஆண்டுகள் விடுதியில் தங்கி அவன் மறக்க முயன்றதை, ஒரே கேள்வியில் நாம் நினைவூட்டி விடுகிறோம். அரசு கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய பாலம், நம் வீட்டு வாசற்படியில் வந்து முறிந்து விழுகிறது.

பெற்றோர்களே, அரசின் கடமையை அரசு செய்யட்டும். நாம் அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் வீட்டுக் கதவு அரசின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. வாடகைக்கு வருபவனிடம் வேலையையும் நடத்தையையும் விசாரியுங்கள், தெருவை விசாரியாதீர்கள். உங்கள் பிள்ளை தன் விடுதி நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்தால், உங்கள் தட்டிலேயே அவனுக்கும் உணவிடுங்கள். கணக்கும் ஆங்கிலமும் கற்றுத் தரத் தகுதியுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! அருகிலுள்ள விடுதியின் காப்பாளரைக் கண்டு, வாரத்தில் ஒரு மாலையேனும் பாடம் சொல்லித்தர முன்வாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் நாம் குடில் கட்டுகிறோம். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி, கதவை மூடியவர்களை நினைத்து வருந்துகிறோம். இவ்வாண்டு குடில் கட்டுமுன், நம் வாசலில் தொங்கும் பலகையை ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.