அஞ்சு செகண்ட் மெனு!

பாஸ், உண்மையைச் சொல்லுங்க. உங்க போன்ல 'அப்டேட் ரெடி'ன்னு வர்ற அறிவிப்பை எத்தனை நாளா 'அப்புறம் பார்க்கலாம்'னு தள்ளிவிட்டுட்டு இருக்கீங்க? திட்ட மாட்டேன். அந்த 'அப்புறம்' பட்டனா, 'இப்பவே' பட்டனான்னு முடிவு பண்றதுக்காகவே மாசாமாசம் சம்பளம் வாங்குற ஜீவன்தான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். வேலைக்குப் பேர் சிஸ்டம் அட்மின். அம்மாகிட்ட கேட்டா 'கம்ப்யூட்டர் ரிப்பேர்'ம்பாங்க.

2019 செப்டம்பர் 28, சனிக்கிழமை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். சென்னையில ஒரு கம்பெனி. எங்க சம்பள சர்வர்ல ஓடிட்டு இருந்தது சென்ட்ஓஎஸ் 7.6. ரெட் ஹாட் லினக்ஸோட அதே சோர்ஸ்ல இருந்து செஞ்ச இலவசப் பதிப்பு. பத்து நாள் முன்னாடிதான் 7.7 வந்திருந்தது. சீனியர் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னது ஒரே வரி: "தம்பி, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் போட்டுடு."

போட்டேன். 'செக்யூரிட்டிக்குன்னு எதுவும் தேவையில்லை'ன்னு பதில் வந்தது. ஒன்பது மாசமா அப்டேட்டே பண்ணாத மெஷின்ல ஒண்ணுமே தேவையில்லையாம்! ரெட் ஹாட்ல அந்தக் கட்டளை ஒழுங்கா வேலை செய்யும். சென்ட்ஓஎஸ்ல எது செக்யூரிட்டி, எது சாதா அப்டேட்னு பிரிச்சுச் சொல்ற பட்டியலே கிடையாது. அதனால அது எப்பவும் 'ஆல் இஸ் வெல்' பாடிட்டே இருக்கும். இது எனக்கு அப்போ தெரியாது. 'சரி, எல்லாத்தையுமே போட்டுடுவோம்'னு முழு அப்டேட்டைத் தட்டினேன். 7.6 சத்தமில்லாம 7.7 ஆயிடுச்சு. ராத்திரி 11 மணிக்கு ரீபூட்.

அதுக்கப்புறம் சர்வர் வரவே இல்லை.

பத்து நிமிஷம் 'பிங்' பண்ணிப் பார்த்தேன். பதில் இல்லை. பைக்கை எடுத்துட்டு ஆபீஸுக்கு ஓடினேன். வாசல்ல செக்யூரிட்டி அண்ணன், "என்ன தம்பி, இந்நேரத்துல?"ன்னார். "சும்மாண்ணே"ன்னேன். திங்கட்கிழமை சம்பளம் போட வேண்டிய மெஷின் உள்ளே செத்துக் கிடக்குன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் சம்பளமும் அதுலதான் இருக்கு.

ரூம்ல மானிட்டரைச் சொருகினா, 'எமர்ஜென்சி மோட்'னு திரை சிரிக்குது. சீனியருக்குப் போன் போட்டேன். பஸ்ல தூங்கிட்டிருந்தவர் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமா இருந்தது.

"கெர்னல் மாறிடுச்சாடா?"

"மாறிடுச்சுண்ணே."

"ஸ்டோரேஜ் பெட்டிக்கான டிரைவர் பழைய கெர்னலுக்குக் கட்டினது. புதுசுல ஏறாது. டிஸ்க் தெரியாம நிக்குது. ரீபூட் பண்ணு, மெனு வரும், பழைய கெர்னல் மேல வெச்சு என்டர் தட்டு."

அந்த மெனு வர்றது அஞ்சே அஞ்சு செகண்ட். ஆனா சர்வர் மெஷின் நம்ம லேப்டாப் மாதிரி இல்லை. மெமரி, டிஸ்க்னு ஒவ்வொண்ணா சரிபார்த்து மெனுவுக்கு வர்றதுக்கே ஏழெட்டு நிமிஷம் எடுத்துக்கும். முதல் தடவை நெத்தி வியர்வையைத் துடைச்ச நேரத்துல மெனு வந்து போயிடுச்சு! மறுபடி எட்டு நிமிஷம். அரியர் ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. ரெண்டாவது தடவை கீழ்நோக்கு அம்பை அமுக்கி, பழைய கெர்னலைப் பிடிச்சு என்டர் தட்டினேன். மணி 1.40-க்கு டிஸ்க் தெரிஞ்சது. புது அப்டேட் போட்டாலும் பழைய கெர்னல்களை அழிக்காம வெச்சிருக்கணும்னு யோசிச்ச புண்ணியவானுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

திங்கட்கிழமை சம்பளம் வந்துடுச்சு. சீனியரும் வந்தார். ரெண்டு பேருக்கும் வாதம் ஆரம்பிச்சது. என் கட்சி, 'இனிமே 7.6-லயே இருப்போம், எதையும் தொட வேண்டாம்.' அவர் கேட்டார்: "2017-ல வானாக்ரை தெரியுமா? விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14-லயே வந்துடுச்சு. வைரஸ் வந்தது மே 12. ரெண்டு மாசம் டைம் இருந்தும் போடாதவங்கதான் பெரும்பாலும் மாட்டினாங்க. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பிச்சுது."

இதுல இன்னொரு சிக்கல். ரெட் ஹாட்டுக்குத் தனியா பணம் கட்டினா, குறிப்பிட்ட சில பதிப்புகள்ல ரெண்டு வருஷம் வரைக்கும் அப்படியே இருந்துக்கிட்டே பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வாங்கிக்கலாம். சென்ட்ஓஎஸ்ல அது கிடையாது. அடுத்தது வந்தா முந்தினது பழைய பெட்டிக்குள்ள போயிடும், திருத்தமும் நின்னுடும். அதாவது, 7.6-ல உட்கார்ந்தா ஓட்டையோட உட்காரணும். 7.7-க்குப் போனா டிரைவர் இல்லாமப் போகணும். கடைசியில கெர்னலை மட்டும் அப்டேட்ல சேராம பூட்டி வெச்சோம். ஸ்டோரேஜ்காரங்க புது டிரைவர் கொடுத்ததும் மூலையில தூசு படிஞ்சு கிடந்த ஒரு பழைய மெஷின்ல அதை ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சம்பள சர்வரைத் தொட்டோம். அந்த ரெண்டு வாரமும் ஓட்டை ஓட்டையாவேதான் இருந்துச்சு. எனக்கு அதுல இன்னிக்கும் முழுத் திருப்தி இல்லை.

பின்னாடி சென்ட்ஓஎஸ் கதையே மாறிடுச்சு. 2029 வரைக்கும் வரும்னு எல்லோரும் நம்பின சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓட முடியும்னு 2020 டிசம்பர்ல அறிவிச்சாங்க. அந்த இடத்துக்கு ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துச்சு. ராக்கிங்கிறது சென்ட்ஓஎஸ்ஸை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரா இருந்து மறைஞ்ச ராக்கி மெக்காவோட பேர். நாங்க 7-லயே இருந்ததால 2024 ஜூன் 30 வரைக்கும் தப்பிச்சோம். அப்புறம் ராக்கி 9.

சனிக்கிழமை ராத்திரி 11 மணி இன்னமும் என் நேரம்தான். இப்போ நான் சீனியர். கையில ஒரு ஜூனியர் இருக்கான், நாலு மாசம்தான் ஆகுது. போன வாரம் அவன்கிட்ட எந்தக் கெர்னல்ல இருந்து எந்தக் கெர்னலுக்குப் போறோம்னு பேப்பர்ல எழுதச் சொன்னேன். "எதுக்குண்ணே, அதான் ஸ்க்ரீன்லயே வருதே?"ன்னான். மானிட்டரை முன்கூட்டியே சொருகி வைடான்னு மட்டும் சொன்னேன்.